ஓர் இரவு, ஒரு சைக்கிள், மண்பாதை: பைக்பேக்கிங் சவாலுக்குத் தயாராகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படுக்கை, சாப்பாடு, கருவி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, தார்ச்சாலையை விட்டு விலகி, மண்ணும் கல்லுமான பாதையில் 200 முதல் 300 கி.மீ. வரை போவது, ஒரு காலையில் கிளம்பி, நடுவில் ஓர் இரவை வெளியில் கழித்து, மறுநாள் முடிப்பது, வழியில் யாரையும் உதவிக்கு நிறுத்திவைக்காமல் போவது. இந்தப் பக்கத்தில் சவால் என்று சொல்வது இதைத்தான். முதல் முறை தயாராகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் இருட்டு அடிக்கடி வரும். பகலில் தவறு செய்தால் சமாளித்துவிடலாம். அதே தவறு இரவு இரண்டு மணிக்கு நடந்தால் அங்கேயே பயணம் முடிந்துபோகலாம். அதனால் இருட்டை மனதில் வைத்தே தயாராகச் சொல்கிறேன்.

பைக்பேக்கிங் என்பது சைக்கிள் டூரிங்கின் இன்னொரு பெயர்தானே?

நெருங்கிய சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. டூரிங்கில் பின்சக்கரத்தின் இருபுறமும் கேரியரில் பெரிய பைகள் தொங்கும். நல்ல சாலையில் அது சுகம். வேரும் பாறையுமான ஒற்றையடிப் பாதையிலோ அந்தப் பைகள் புதரில் மாட்டும், அதிர்ச்சியில் கேரியரின் ஸ்க்ரூ கழலும், தள்ளிக்கொண்டு நடக்கும்போது முழங்காலில் இடிக்கும். பைக்பேக்கிங்கில் பைகள் சிறியவை. ஹேண்டில்பார், பிரேம், சீட்டின் பின்புறம் என்று சைக்கிளின் உடம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டப்படும். இடம் குறைவு என்பதால் எதைக் கொண்டுபோவது என்பதில் கறாராக இருந்தாக வேண்டும்.

இந்த வகையின் பெரிய பந்தயங்களில் ஒன்று டூர் டிவைட். கனடாவின் பான்ஃபில் தொடங்கி, அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸில் முடிகிறது. தூரம் 4,300 கி.மீ.க்கு மேல். கிர்கிஸ்தான் மலைகளில் 2018 முதல் சில்க் ரோடு மவுன்டன் ரேஸ் நடக்கிறது. இவற்றின் அடிப்படை விதி ஒன்றுதான்: வேண்டியதை நீங்களே சுமக்க வேண்டும். வழியில் எல்லோருக்கும் திறந்திருக்கிற கடையில் வாங்கலாம். நண்பரைச் சாப்பாட்டோடு பாதையில் வந்து நிற்கச் சொல்லக் கூடாது. ஓர் இரவுச் சவால்களும் பெரும்பாலும் இதே விதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இதுவரை அதிகபட்சம் 70 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். எவ்வளவு காலம் தேவை?

வாரத்தில் மூன்று நாளாவது சைக்கிளைத் தொடுகிறவர் என்றால் 12 முதல் 16 வாரம் போதும். கிலோமீட்டரைக் கணக்கு வைக்காதீர்கள், சீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கணக்கு வையுங்கள். மண்பாதையில் 60 கி.மீ. என்பது சில நாட்களில் நாலு மணி நேரம், மழைக்குப் பிறகு ஏழு மணி நேரம்.

வார நாட்களில் ஒன்றிரண்டு குட்டைப் பயிற்சி, அதில் ஒன்று ஏற்றத்தில் அழுத்தி ஓட்டுவது. வார இறுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுவது. இந்த இரண்டாவது நாள்தான் உங்களுக்கு நிறைய கற்றுக்கொடுக்கும். களைத்த காலோடு காலையில் எழுந்து மறுபடியும் சீட்டில் உட்காரும்போது எங்கே வலிக்கிறது, எதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை, எந்தப் பை உரசுகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். மூன்று வாரம் ஓட்டும் நேரத்தை ஏற்றிக்கொண்டே போய், நாலாவது வாரம் குறையுங்கள்.

முழு தூரத்தையும் பயிற்சியில் ஓட்டத் தேவையில்லை. சவாலுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு, முழுச் சுமையோடு ஓர் இரவு தங்கி, பாதிக்கு மேல் தூரம் வருகிற மாதிரி ஒரு ஒத்திகை போதும். கடைசிப் பத்துப் பதினைந்து நாளில் ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. கடைசி வாரத்தில் பயந்துபோய் ஒரு பெரிய ஓட்டம் ஓடுகிறவர்கள் களைத்த உடம்போடுதான் வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று: சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் பழகுங்கள். செங்குத்தான கல் ஏற்றத்தில் சுமையோடு தள்ளுவதற்குத் தோள், முதுகு, கெண்டைக்கால் மூன்றும் வேண்டும். பெடல் மட்டும் மிதித்துப் பழகிய உடம்பு அதில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இரவில் ஓட்டிப் பழகுவது கட்டாயமா? பகலில் நன்றாகத்தானே ஓட்டுகிறேன்?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி இருக்கும். பின்சக்கரத்தில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் கெண்டைக்காலில் ஈரம். சின்ன ஓட்டையைத் தானாக அடைக்க டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் வெளியே தெறித்துக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைக்கும் பிளக் என்னிடம் இருந்தது. வீட்டு வாசலில் பகலில் பத்து முறை அடைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிளக் ஊசி பையின் அடியில் கிடந்தது. அதை எடுக்க மழைச்சட்டை, சாப்பாட்டுப் பொட்டலம், பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாகப் புல்லில் எடுத்துவைத்தேன். விளக்கு ஹேண்டில்பாரில் இருந்ததால் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் குளிரில் மரத்திருந்தன. ஓட்டையை அடைக்க இரண்டு நிமிடம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். கிளம்பிய பிறகு அடுத்த இறக்கத்தில்தான் தெரிந்தது, ஒரு கையுறை அங்கேயே கிடக்கிறது என்று.

எனக்கு பஞ்சர் ஒட்டத் தெரியாமல் இல்லை. இருட்டில், குளிரில், தூக்கக் கலக்கத்தில் ஒட்டிப் பழகவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி: இருட்டில் ஒரு முறையாவது செய்து பார்க்காத எதையும் எனக்குத் தெரியும் என்று நினைப்பதில்லை. பஞ்சர், செயின் இணைப்பு, படுக்கை விரிப்பது, மடிப்பது, தண்ணீர் வடிகட்டுவது, வழி தப்பினால் திரும்பி வருவது எல்லாமே அதில் அடக்கம்.

ஓட்டுவதும் இரவில் வேறாகிவிடும். பழகிய பாதையே புதிதாகத் தெரியும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. வேகம் தெரியாது, மெதுவாகப் போவது போலிருக்கும்போது வேகமாகவும், பறப்பது போலிருக்கும்போது ஆமை வேகத்திலும் போய்க்கொண்டிருப்பீர்கள். முதலில் தெரிந்த பாதையில், துணையோடு, மாலை மங்கும் நேரத்தில் ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அடுத்து அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து விடியும் வரை ஓட்டுங்கள். அந்த நேரத்தின் சோர்வு தனி ரகம். அது ஏற்கெனவே பழக்கம் என்றால் சவாலன்று உங்களைக் கலங்கடிக்காது.

என்ன சைக்கிள் வேண்டும்?

உங்களிடம் இருக்கிற மவுன்டன் சைக்கிளில் தொடங்குங்கள். முன் போர்க்கில் சஸ்பென்ஷன், பின்னால் ஒன்றும் இல்லாத வகை இதற்கு நன்றாகப் பொருந்தும். பிரேமுக்குள் பை வைக்க இடமும் இருக்கும். பாதை முழுக்க நல்ல ஜல்லிச் சாலை என்றால் அதற்கென்றே வருகிற கிராவல் சைக்கிள் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது கியரைப் பற்றி. முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்று வையுங்கள். 29 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கி.மீ. வேகம். நடையைவிடச் சற்றே கூடுதல்தான், ஆனால் முழங்காலைக் காப்பாற்றுகிற கியர் அது. முப்பதாவது கிலோமீட்டரில் இது தேவைப்படாது. நூற்று எண்பதாவது கிலோமீட்டரில், இன்னும் ஒரு கியர் கீழே இருந்தால் தேவலையே என்று தோன்றும்.

டயர்?

அகலம் 2.2 அங்குலத்துக்குக் குறையாமல், டியூப்லெஸ். சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். சவாலுக்கு ஒரு வாரம் முன்பு புதிதாக ஊற்றுங்கள். டியூப்லெஸ்தானே என்று டியூபை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒன்றாவது கையில் இருக்கட்டும். பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளிருந்து வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்று, தைக்கக் கனத்த ஊசியும் நூலும் கொண்டுபோங்கள். சுமையோடு ஓட்டும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்று ஒத்திகையில் முடிவு செய்யுங்கள்.

பைகளில் எதை எங்கே வைப்பது?

கனமானவை பிரேம் பையில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே: கருவிகள், பவர் பேங்க், தண்ணீர், அடர்த்தியான சாப்பாடு. ஹேண்டில்பாரில் லேசாகவும் பருமனாகவும் இருக்கிற ஸ்லீப்பிங் பேக், விரிப்பு. சீட்டுக்குப் பின்னால் துணிமணி. சீட் பையில் கனத்தை வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் வால் மாதிரி ஆடும், இறக்கத்தில் டயரில் உரசும். பிரேம் மேற்குழாயின் சின்னப் பையில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான சாப்பாடு.

இடத்தைவிட முக்கியமானது ஒழுங்கு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் இடம், எப்போதும் அதே இடம். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் மழைச்சட்டை வர வேண்டும். பஞ்சர் சாமான் தனியாக ஒரு சிறு பையில், மற்ற எதையும் வெளியே எடுக்காமலே எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, தலைவிளக்கு மட்டும் போட்டுக்கொண்டு முழுவதையும் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிப் பாருங்கள். மூன்றாவது முறையில் நேரம் பாதியாகும்.

தண்ணீரும் சாப்பாடும் தவிர்த்து, பைகளோடு சேர்ந்து சுமை 6 முதல் 8 கிலோவுக்குள் அடங்கினால் நல்லது. அதற்கு மேல் போனால் உடைகளில்தான் தேவையில்லாதது ஒளிந்திருக்கும்.

கூடாரமா, தார்ப்பாயா, பிவி பையா?

மழைக்கும் பூச்சிக்கும் வாய்ப்பு அதிகம் என்றால் ஒற்றை ஆள் கூடாரம். வானம் தெளிந்திருக்கும், மூன்று நான்கு மணி நேரம்தான் படுக்கப் போகிறீர்கள் என்றால் பிவி பை போதும். அது ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் உறை போல மாட்டிக்கொள்வது. ஒரு நிமிடத்தில் படுத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் டார்ப் என்கிற தார்ப்பாய்: லேசு, காற்றோட்டம் உண்டு, ஆனால் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பிவி பையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிருக்குப் பயந்து முகத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தால் உங்கள் மூச்சே உள்ளே நீராகப் படியும். ஓர் இரவு அப்படிப் படுத்து, விடியும் முன் நெஞ்சின் மேல் ஈரமாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்த்தால், மேலே விரித்திருந்த இறகு நிரப்பிய பை கட்டி கட்டியாகச் சுருண்டிருந்தது. இறகு நனைந்தால் சூடு தராது. செயற்கை இழை கொஞ்சம் கனம், ஆனால் ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கீழே விரிக்கும் பாயை (மேட்) மிச்சப்படுத்தாதீர்கள். உடம்பின் கனத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி நசுங்கிவிடும். தரையின் குளிரைத் தடுப்பது மேட்தான்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பள்ளத்தாக்கின் அடியைத் தவிருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அங்கேதான் இறங்கித் தேங்கும். பனியும் அங்கேதான் அதிகம். கொஞ்சம் மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். வறண்ட ஓடையில் படுக்கவே கூடாது. எங்கோ தூரத்தில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். அந்த இடத்தில் தங்க அனுமதி உண்டா என்பதையும் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

தூங்காமலே ஓட்டி முடித்துவிடலாமா?

சிலர் முடிக்கிறார்கள். முதல் முறை போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் காட்டியது இது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரமானால் அது சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமம். அந்த நிலையில் கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் போகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உடம்பின் கடிகாரம் மிகவும் தாழ்ந்து போவது பொதுவாக அதிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை. அதனால் நான் போடும் திட்டம்: இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை ஓட்டு, மூன்று நான்கு மணி நேரம் தூங்கு, விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்பு. கீழ்வானம் வெளுக்கும்போது சைக்கிளில் இருந்தால் உடம்பு தானாகவே விழித்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் இன்னும் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

நடுவில் கண் சொருகினால் தள்ளிப்போடாதீர்கள். பாதையோர மரக்கட்டை ஆள் மாதிரி தெரிகிறது, பாதை எங்கே திரும்பியது என்று நினைவில்லை, ஒரே வரியை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். பாதையை விட்டு ஒதுங்கி, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். படுக்கும் முன் காபி குடித்தால் எழும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கு நன்றாகத் தூங்கத் திட்டமிருந்தால் மாலைக்குப் பிறகு தொடாதீர்கள்.

விளக்கும் மின்சாரமும் எவ்வளவு?

இரண்டு விளக்கு: ஒன்று ஹேண்டில்பாரில், ஒன்று ஹெல்மெட்டில். ஹேண்டில்பார் விளக்கு தாழ இருப்பதால் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும், மேடுபள்ளம் தெரியும். ஹெல்மெட் விளக்கு நீங்கள் பார்க்கும் பக்கமெல்லாம் திரும்பும், வளைவுக்கு அது வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பினால் நிழலே இல்லாமல் தரை தட்டையாகத் தெரியும். ஒன்று செத்தால் இன்னொன்று கைகொடுக்கும். ஏற்றத்தில் மங்கலாக வைத்து, இறக்கத்தில் மட்டும் முழு வெளிச்சம் போடப் பழகினால் மின்சாரம் பாதி மிச்சமாகும்.

இரவு எத்தனை மணி நேரம் என்று முதலில் பாருங்கள். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகிற நாட்களில் உலகில் ஏறத்தாழ எங்கேயும் அது 12 மணி நேரம். அதில் தூங்கும் நேரத்தைக் கழித்தால் விளக்கு எரிய வேண்டிய நேரம் வரும்.

பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 37 வாட்-அவர். 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது இழப்பும் சேர்ந்து, உங்கள் கைக்கு 6,000 முதல் 6,500 எம்ஏஎச் வரும். ஒரு போனை ஒன்றரை முறை ஏற்றலாம். குளிரில் இன்னும் குறையும். இரவில் பவர் பேங்கையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் பொருத்தும் டைனமோ நீண்ட பயணங்களுக்கு அருமை, ஆனால் நடை வேகத்தில் ஏறும்போது அதிலிருந்து பெரிதாக எதுவும் வராது. ஓர் இரவுக்கு அது தேவையில்லை.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? பசிக்கும்போது சாப்பிட்டால் போதாதா?

போதாது. பசி தெரியும்போது ஏற்கெனவே தாமதம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பதை அடிப்படையாக வையுங்கள். குளுக்கோஸ் வகையை மட்டும் எடுத்தால் குடல் உறிஞ்சுவது அந்த அளவோடு நின்றுவிடும். ஃபிரக்டோஸும் கலந்திருந்தால், பழகிய வயிறு மணிக்கு 90 கிராம் வரை தாங்கும். பழக்கம் முக்கியம்: கால்களைப் போல வயிற்றையும் பயிற்சியில் பழக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு வாய் என்று அலாரம் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பத்தாவது மணி நேரத்தில் இனிப்பைக் கண்டாலே குமட்டும். எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால் பையில் பாதி உப்பும் காரமுமாக இருக்கட்டும்: வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்புக் கடலை, ரொட்டி. குளிரில் பல் பதியாத அளவுக்குக் கெட்டியாகிற தின்பண்டங்களை இரவுக்கு வைக்காதீர்கள். கையுறையோடு பிரிக்க முடியாத பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்து வேறு கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது. கடன் இருக்கத்தான் செய்யும். அது பெருகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

தண்ணீர்?

தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள். வெயிலில் அதிகமாகவும், இரவில் மறக்காமலும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

வரைபடத்தில் தண்ணீர் கிடைக்கும் இடங்களைக் குறித்து, அவற்றுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். ஓடை நீரை அப்படியே குடிக்க வேண்டாம். குழல் இழை வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் தடுக்கும். வைரஸையும் ரசாயனத்தையும் தடுக்காது. ஒரு முறை பயன்படுத்தி ஈரமான வடிகட்டி உறைந்துபோனால் உள்ளே இழை வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. உறைபனி இரவில் அதுவும் படுக்கைக்குள் வர வேண்டும். குளோரின் டையாக்சைடு மாத்திரை நல்ல மாற்று. அரை மணி நேரத்தில் பாக்டீரியா, வைரஸ் போய்விடும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி போக நாலு மணி நேரம் ஆகும்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஓர் எடுத்துக்காட்டு. 240 கி.மீ. பாதை, சுமையோடு மண்பாதையில் உங்கள் சராசரி மணிக்கு 12 கி.மீ. என்றால் 20 மணி நேரம். அதில் 8 கி.மீ. தள்ளித்தான் போக முடியும் என்றால், மணிக்கு 3 கி.மீ. வீதம் அதற்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இரவில் வேகம் நான்கில் ஒரு பங்கு குறையும். தூக்கத்துக்கு நாலு மணி நேரம். சாப்பாடு, தண்ணீர், ஒட்டுவேலை என்று இன்னும் மூன்று மணி நேரம். கூட்டிப் பார்த்தால் சுமார் 30 மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பினால் மறுநாள் நண்பகல். தார்ச்சாலைக் கணக்கில் மறுநாள் விடியலில் முடித்துவிடலாம் என்று நினைத்தவர் சாப்பாடும் விளக்கும் குறைவாகக் கொண்டுவந்திருப்பார், அங்கேதான் சிக்கல்.

பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பு, அதாவது வழிகாட்டும் கருவி படிக்கிற வழிக்கோப்பு, இரண்டு கருவியில் இருக்கட்டும், வரைபடம் இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும். பாதையை விட்டு வெளியேறக்கூடிய இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

உட்காரும் இடமும் கையும் தாங்குமா?

தொடக்கத்திலேயே கவனித்தால் தாங்கும். நன்றாகப் பொருந்திய பேட் வைத்த ஷார்ட்ஸ், உராய்வைத் தடுக்கும் கிரீம், இரவு படுக்கும் முன் துடைத்துச் சுத்தம் செய்து உலர்ந்த துணி மாற்றுவது. எரிச்சல் தெரிந்த உடனே நிறுத்திப் பாருங்கள், பத்து கி.மீ. கழித்துப் பார்க்கலாம் என்றால் அதற்குள் தோல் போயிருக்கும். சவாலுக்காகப் புது சீட் மாற்றவே கூடாது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது. பிடியை மாற்றுங்கள், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள், கையில் சாயும் கனத்தைக் குறையுங்கள். குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாண் வலிப்பது இந்த வகைப் பயணத்தில் அடிக்கடி வருவது. தள்ளி நடப்பதும் காரணம். சீட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கி, காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைப் பின்னால் நகர்த்தினால் பாரம் குறையும். நடக்க வராத கெட்டி அடிப்பாகக் காலணியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

மாதவிடாய் நாள் அன்று வந்துவிட்டால்?

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. கப் பயன்படுத்துகிறவர்கள் நீண்ட ஓட்டங்களுக்கு அதையே வசதி என்கிறார்கள். ஆனால் முதல் முறையாக அன்று முயலாமல் முன்பே பழகியிருங்கள். கை கழுவத் தனியாகச் சிறிது தண்ணீர், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர மூடக்கூடிய பை. வலி மாத்திரை எடுப்பதானால் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சில வலி நிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி. சின்னக் கைக்கரண்டி ஒன்று போதும்.

மழையில் நனைந்துவிட்டால் எப்போது பயப்பட வேண்டும்?

நடுங்குவது முதல் அடையாளம். பேச்சு குழறுவது, கால் இடறுவது, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் விரல் தடுமாறுவது அடுத்த கட்டம். அதற்கும் மேல், நடுக்கம் நின்றுபோய் ஆள் அமைதியாகிவிட்டால் அது குணமான அறிகுறி அல்ல, நிலைமை மோசமாகிவிட்டது. ஏறும்போது வியர்க்கிறீர்கள், உச்சியில் நின்று படம் எடுக்கிறீர்கள், அப்புறம் அரை மணி நேரம் காற்றில் இறங்குகிறீர்கள். ஆபத்து தொடங்குவது அந்த இறக்கத்தில்தான். உச்சிக்கு வருவதற்குள் ஜாக்கெட்டை மாட்டுங்கள். பருத்தி வேண்டாம். உலர்ந்த ஒரு ஜோடி உடை நீர் புகாத பையில் இருக்கட்டும். அது படுக்கைக்கு மட்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஓட்டும்போது போடாதீர்கள்.

தனியாகப் போகலாமா? எப்போது விட்டுவிட்டு வர வேண்டும்?

முதல் முறை துணையோடு போங்கள். தனியாகப் போவதானால் பாதையும் நேரமும் ஒருவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும், இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் சேர்த்து. சிக்னல் இல்லாத பகுதிக்குச் செயற்கைக்கோள் வழி ஆபத்துச் செய்தி (எஸ்ஓஎஸ்) அனுப்பும் கருவி மிக நல்லது, ஆனால் சில நாடுகளில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். போகும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்.

விட்டுவிட்டு வரும் முடிவை வீட்டிலேயே எழுதிவையுங்கள். தலையில் அடி, உலர்ந்த உடை இல்லை, ஒரு விளக்கும் இல்லை, நடந்தால்கூடக் குறையாத மூட்டுவலி: இதில் ஒன்று வந்தாலும் வெளியேறுவது என்று. வெறும் சோர்வும் மனச்சோர்வும் அந்தப் பட்டியலில் கிடையாது. இரவு மூன்று மணிக்கு எல்லாமே அர்த்தமில்லாமல் தோன்றினால், சாப்பிடுங்கள், சூடாக உடுத்துங்கள், தூங்குங்கள்; வெளிச்சம் வந்த பிறகு மறுபடி யோசியுங்கள்.

முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாமா?

வேண்டாம். பாதை முழுக்க எச்சரிக்கையாக வந்தவர்கள் இங்கே அலட்சியமாகிவிடுகிறார்கள். நாலு மணி நேரத் தூக்கத்தோடு 30 மணி நேரம் உழைத்த உடம்பு, சூடான கார், நேரான சாலை. சீட்டில் சாய்ந்த சில நிமிடங்களில் கண் சொருகும். வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள், அல்லது முடித்த இடத்திலேயே அன்றிரவு தங்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டில் எது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து, கார் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறுங்கள்.